வெனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீரிய ஒட்டுப் பருத்தி விதை எடுத்தவரா நீங்கள்? அப்படியானால் கையால் மகரந்தம் சேர்ப்பது உங்களுக்குப் புதிதல்ல. முதல் நாள் மாலை மொட்டின் மகரந்தப் பைகளை நீக்கி, மறுநாள் காலை வேறு ரகப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவீர்கள். ஆர்க்கிட் குடும்பத்துக் கொடியான வெனிலாவுக்கும் கைதான் வேண்டும். அதற்கு எளிய வழி கண்டவர் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், 1829-ல் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர் எட்மண்ட். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகாத சிறுவனுக்குச் செடி கொடிகளைப் பழக்கியவர், அவரது எஜமானரான தோட்டக்காரர் பெலியே போமோன். பூசணிக் குடும்பக் கொடி ஒன்றுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கவும் அவரே காட்டிக் கொடுத்தார்.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வெனிலா, 1820 வாக்கில் தீவுக்கு வந்தது. கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மெக்சிகோ காட்டில் அதற்கு உதவும் தேனீக்கள் இங்கே இல்லை. 1836-ல் பெல்ஜியத்தில் பேராசிரியர் மோரன் கையால் காய்க்க வைத்தார். ஆனால், தோட்டத்தில் விரைவாகச் செய்யக்கூடிய முறை கிடைக்கவில்லை.

பூவுக்குள் ஒரு தடுப்பு

வெனிலா பூவில் வெளியே மூன்று, உள்ளே மூன்று என ஆறு இதழ்கள். உள்ளிதழ்களில் ஒன்று உதடு போல் மாறி, நடுத்தூணைச் சுற்றிக் குழலாக நிற்கும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அந்த ஒரே தூணில்தான் உள்ளன. மகரந்தம் தூளாக இல்லாமல் கட்டியாக இருக்கும். அதற்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுக்கிறது. பூக்காம்பு போலத் தெரிவதே சூலகம், காயாவது அதுதான்.

1841-ல் எட்மண்ட் உதட்டு இதழை விலக்கி, மெல்லிய குச்சியால் மடலைத் தூக்கி, மகரந்தக் கட்டியைக் கட்டைவிரலால் சூல்முடியில் அழுத்தினார். காய் பிடித்தது. தோட்டம் தோட்டமாக அவரை அனுப்பி மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரீயூனியன், விளைச்சலில் மெக்சிகோவை முந்தியது.

எட்மண்டுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை. 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோதுதான் விடுதலை. அல்பியஸ் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். திருட்டுக் குற்றத்தில் சிறை சென்றார். வெனிலாவுக்கு அவர் செய்ததை எடுத்துச் சொல்லி, முன்கூட்டியே விடுவிக்கச் செய்தவர் போமோன். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று ஒரு தாவரவியலாளர் உரிமை கோரியபோதும் சிறுவனுக்காக வாதாடியவர் அவரே. 1880-ல் எட்மண்ட் வறுமையில் இறந்தார்.

இன்றும் தோட்டங்களில் அதே முறைதான். அதிகாலையில் மலரும் பூ பிற்பகலில் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவையும் தொட்டாக வேண்டும். காய் முற்ற சுமார் ஒன்பது மாதம். மலையடிவாரத் தென்னந்தோப்பில் நிழலும் ஈரமும் இருக்கிறது, வெனிலா வைக்கலாம் என்று நினைக்கிறீர்களா? விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் உச்சிக்குப் போன விலை, சில ஆண்டுகளிலேயே சரிந்தது. ஒவ்வொரு காய்க்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கான கூலியை முதலில் கணக்கில் எழுதுங்கள்.