பட்டாணிச் செடியைக் காட்டிக் கடன் கேட்டவர்

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் நானும் நண்பர்களும் இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு ஐயாயிரம் வெள்ளி திரட்ட அலைந்தோம். கையில் இருந்ததோ நான்கு பக்கத் திட்ட அறிக்கை மட்டும். அதைப் புரட்டிப் பார்த்த தொழிலதிபர் ஒருவர் தேநீர் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார். அன்றிரவு விடுதி அறையில்தான் தாதாசாகிப் பால்கேயின் வரலாற்றை ஆற அமரப் படித்தேன். அதுவரை அவர் எனக்கு ஒரு விருதின் பெயர், அவ்வளவுதான்.

1870-இல் நாசிக் அருகே திரியம்பக்கில் பிறந்த துண்டிராஜ் கோவிந்த் பால்கே ஓவியம், புகைப்படம், அச்சுத்தொழில் எனப் பலவும் கற்றவர். பங்காளிகளோடு ஒத்துப்போகாமல் தாம் நடத்திய அச்சகத்தை விட்டு விலகினார். அக்காலத்தில் பம்பாயில் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப் படம் ஒன்றைப் பார்த்தார். நம் புராணங்களும் இப்படித் திரையில் வரவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஓயாமல் படம் பார்த்ததில் சில காலம் கண்பார்வையே மங்கிப் போனது. ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களை அடகு வைத்து, 1912-இல் லண்டன் சென்று படக்கருவி வாங்கி வந்தார்.

கருவி வந்துவிட்டது, படமெடுக்கப் பணம்? பால்கே வெறும் பேச்சை நம்பவில்லை. தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அது வளர வளர ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். பல வார வளர்ச்சி திரையில் கண்ணெதிரே ஓடியது. விதை வெடித்தது, முளை நிமிர்ந்தது, கொடி படர்ந்தது. அதைப் பணம் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டினார். கடன் கிடைத்தது. போதாததற்கு மனைவி சரஸ்வதிபாய் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். எங்களுக்கோ அம்மாவிடம் நூறு வெள்ளி கேட்கவே நா எழவில்லை!

சரஸ்வதிபாய் நகையோடு நின்றுவிடவில்லை. படக்குழுவுக்குச் சமைத்தார், இரவில் படச்சுருளுக்குத் துளையிட்டார், கழுவினார். விருதைப் பற்றிப் பேசுவோர் இந்த அம்மையாரை ஏனோ மறந்துவிடுகிறார்கள். நடிக்கப் பெண்கள் முன்வராததால், உணவகத்தில் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே என்னும் ஆண்மகன் தாராமதி வேடம் ஏற்றார். மகன் பாலச்சந்திராதான் லோகிதாசன். 1913 மே 3-ஆம் நாள் பம்பாய் கொரனேஷன் திரையரங்கில் 'ராஜா ஹரிச்சந்திரா' மக்கள் முன் வந்தது. வசூலும் வந்தது.

1918-இல் செல்வந்தர்கள் பங்காளிகளாகச் சேர, இந்துஸ்தான் சினிமா ஃபிலிம்ஸ் நிறுவனம் உருவானது. பணக்கவலை தீர்ந்தது, பிணக்கு தொடங்கியது. விலகினார், மீண்டும் வந்தார். பேசும் படம் வந்தபின் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. 1937-இல் வந்த 'கங்காவதரண்' அவரது கடைசிப் படம். 1944 பிப்ரவரி 16-இல் நாசிக்கில் மறைந்தார்.

மறுவாரம் நாங்கள் கதையின் இரண்டு நிமிடக் காட்சியை மட்டும் இரவல் கருவியில் படம் பிடித்து, அதே தொழிலதிபரிடம் எடுத்துச் சென்றோம். இருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். ஐயாயிரம் தரவில்லை, எண்ணூறு வெள்ளி தந்தார்.