கம்பி, ஆணி, தோல்: காணாமல் போன யாழைக் கணக்குப் போட்டுத் தேடிய விபுலானந்தர்

அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இந்த வியாதி பழக்கமானதுதான். வாங்கி ஆறு மாதம் ஆனதும் டோன் பத்தவில்லை என்று தோன்றும். முதலில் கம்பியை மாற்றுவோம். 10 கேஜ் மெல்லிசு, 12 போடலாம் என்பார் நண்பர். பாஸ்பர் பிரான்ஸா, 80/20 பிரான்ஸா என்று ஒரு வாரம் ஓடும். அப்புறம் பிளாஸ்டிக் சேடிலைக் கழற்றிவிட்டு எலும்பில் செய்த சேடில், அப்புறம் டியூனிங் கீ. ஒவ்வொன்றுக்கும் சத்தம் கொஞ்சம் மாறும். மாறியதா இல்லையா என்று காதால் கேட்டுச் சொல்லிவிடலாம், கருவி கையில் இருக்கிறதே!

கருவியே இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? உடைந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை, வாசிக்கத் தெரிந்தவர்களும் இல்லை, பழைய செய்யுள்களும் உரைகளும் மட்டும்தான் இருக்கின்றன. அதை வைத்து எத்தனை கம்பி, எவ்வளவு நீளம், எந்தக் கம்பிக்கு எந்த ஸ்வரம் என்று கணக்குப் போட வேண்டும். அந்த வேலையில் பல ஆண்டுகளைச் செலவழித்தவர் சுவாமி விபுலானந்தர். கருவியின் பெயர் யாழ்.

செங்கத்தில் இருக்கும் துப்பு

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போகிற வழியில், ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கிற செங்கம் வழியாகப் பலமுறை போயிருப்பீர்கள். சங்ககாலத்தில் அந்த ஊர் செங்கண்மா. நன்னன் என்ற மன்னனின் தலைநகரம். அவனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டுதான் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் எழுதியது, 583 அடி, பத்துப்பாட்டில் ஒன்று. செங்கத்தை ஒட்டி ஓடும் சேயாறும் அதில் வருகிறது.

பாட்டின் தொடக்கத்திலேயே கூத்தர்கள் சுமந்து போகும் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. முழவு, ஆகுளி, கொம்பு, குழல் எல்லாம் வரிசையாக வந்த பிறகு பேரியாழ் வருகிறது. அந்த இடம் இன்றைய கிட்டார் ரிவ்யூ மாதிரியே இருக்கும். நரம்பில் சிம்பும் முடிச்சும் இல்லாமல் உருவி எடுத்தது, ஓசையைக் காதால் சோதித்துக் கட்டியது, நுண்ணிய துளை போட்டது, பத்தரைப் பசை வைத்துச் சேர்த்தது, துளைகளை மூட ஆணி முடுக்கியது, யானைத் தந்தத்தில் யாப்பு வைத்தது, மேலே புதுத் தோல் போர்த்தியது என்று எல்லாமே உண்டு. டோனை முடிவு செய்கிற அத்தனை பாகமும் சொல்லப்பட்டுவிட்டது. அளவு மட்டும் இல்லை!

அந்த அளவைத் தேடிப் போனவரின் கதை இது.

சயின்ஸ் வாத்தியார்

1892 மார்ச் 27. இலங்கையின் கிழக்குக் கரையில், காரைதீவு என்ற ஊரில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மயில்வாகனம். அதே 1892-இல்தான் சென்னையில் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். பத்துப்பாட்டு மூன்று வருடம் முன்பே, 1889-இல் வந்துவிட்டது. இந்த இரண்டு புத்தகமும் அச்சாகாமல் இருந்திருந்தால் பிற்காலத்தில் மயில்வாகனம் செய்த வேலைக்கு மூலப்பொருளே இருந்திருக்காது.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படிப்பு. ஆசிரியர் பயிற்சி, கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் டிப்ளமோ, 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம், 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஒரு பக்கம் இயற்பியல், இன்னொரு பக்கம் தமிழ் இலக்கணம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் பாடம் எடுத்தார், பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமையாசிரியர் ஆனார். நல்ல சம்பளம், மரியாதை, செட்டிலான வாழ்க்கை.

அதை 1922-இல் விட்டுவிட்டு மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்கு வந்துவிட்டார். 1924-இல் துறவு. அன்றிலிருந்து விபுலானந்தர். அடுத்த சில வருடங்கள் இலங்கையில் மிஷன் பள்ளிகளை நடத்துவதிலேயே போயின. மட்டக்களப்பு சிவானந்த வித்தியாலயம் அவர் எழுப்பியதுதான். இடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கும் மதங்கசூளாமணி என்ற நூலையும் எழுதினார். இந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருந்தது என்று தெரியவில்லை.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் வந்தார். யாழ் அவரைப் பிடித்துக்கொண்டது இந்தக் காலகட்டத்தில்தான். சிலப்பதிகாரத்தை ஆழமாகப் படிக்கிற யாரும் அரங்கேற்று காதையில் வந்து முட்டிக்கொள்வார்கள். அங்கே யாழ் ஆசிரியனின் தகுதி, நரம்புகளை அடுக்கும் முறை, ஸ்வரங்களுக்குள் இருக்கும் உறவு எல்லாம் வரும். இசை தெரிந்தவருக்குப் பழந்தமிழ் புரியாது, தமிழ்ப் புலவருக்குக் கணக்கு வராது. இவருக்கு மூன்றும் வந்தது.

சரி, என்ன கணக்கு அது?

கிட்டாரில் ஆறு கம்பிதான். ஃப்ரெட்டை அழுத்தி நீளத்தைக் குறைத்து ஸ்வரத்தை மாற்றுகிறோம். 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால் கம்பி பாதியாகிறது, ஒரு ஆக்டேவ் ஏறுகிறது. யாழில் ஃப்ரெட் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான். அதனால் நீளம், இறுக்கம், தடிமன் மூன்றையும் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நீளம் கூடினால் ஸ்வரம் இறங்கும், இறுக்கம் கூடினால் ஏறும், கனம் கூடினால் இறங்கும். இது பள்ளி இயற்பியல்தான்.

பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று பழைய கணக்கு உண்டு. மகர யாழுக்கு 17 என்றும் 19 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். 12 கேஜ் செட் போட்ட ஒரு கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் பாரம் சுமார் 70 கிலோ. அதற்குத்தான் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைக்கிறார்கள். யாழில் வளைந்த மரத்தண்டு மட்டும்தான். மேற்கத்திய ஹார்ப்பில் இருப்பது மாதிரி முட்டுக்கொடுக்கும் தூணும் கிடையாது. ஒரு நரம்பை இறுக்கினால் தண்டு லேசாக வளையும், பக்கத்து நரம்புகள் சுருதி இறங்கும். உலோகக் கம்பியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாத கருவி.

அதனால்தான் பழைய உரைகாரர்கள் நரம்பையும் மரத்தையும் அவ்வளவு நோண்டியிருக்கிறார்கள். நரம்புக்கு நான்கு குற்றம்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. மரத்துக்கும் பட்டியல் உண்டு. தண்ணீரில் நின்ற மரம், அழுகியது, வெந்தது, இடி விழுந்தது, நோய் பிடித்தது எதுவும் ஆகாது. இன்று ஸ்ப்ரூஸா, சீடரா என்று யூடியூபில் சண்டை போடுகிறவர்கள் இந்தப் பட்டியலை ரசிப்பார்கள்.

விபுலானந்தர் இவை எல்லாவற்றையும் எடுத்து வரிசைப்படுத்தினார். ஆடு மாடு மேய்க்கிறவர்கள் குமிழ மரக் கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி வாசித்த வில்யாழ், பெரும்பாணாற்றுப்படையில் வருவது, அங்கிருந்து தொடங்கி 21 நரம்புப் பேரியாழ் வரை வந்தார். யாழும் வீணையும் ஒன்றுதான் என்று அப்போது சில அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, யாழ் ஹார்ப் வகை என்பது அவர் முடிவு.

தண்டைச் சுற்றி வளையல் போலக் கட்டும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். நரம்பை இறுக்கித் தளர்த்த இதுதான் வழி. அந்தக் கால டியூனிங் கீ என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எப்படி வேலை செய்யும் என்று சந்தேகம் வந்தால் மியான்மரின் சௌங் என்ற ஹார்ப்பைப் பாருங்கள். தோல் போர்த்திய படகு வடிவப் பத்தர், வளைந்த கழுத்து, அதில் சிவப்புக் கயிற்றுக் கட்டுகள். கட்டை நகர்த்தித்தான் சுருதி சேர்க்கிறார்கள். இன்றும் வாசிக்கப்படுகிற கருவி அது.

நரம்பை மாற்றாமலே ராகத்தை மாற்றும் வித்தை

அவருடைய வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பழந்தமிழில் ஏழு ஸ்வரத்துக்கும் பெயர் உண்டு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஒவ்வொன்றுக்கும் அலகு என்ற அளவு. வரிசையாக 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. இடைவெளிகள் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் குரல் என்று எண்ணும் நரம்பை விட்டு அடுத்த நரம்பைக் குரலாக வைத்து வாசித்தால், ஒரு நரம்பைக்கூடத் தொட்டு இறுக்காமல் வேறு பாலை பிறந்துவிடும். ஸி மேஜர் ஸ்கேலை டி-யிலிருந்து வாசித்தால் டோரியன் வருகிறதே, அதே விஷயம். கர்நாடக இசையில் கிரக பேதம் என்பார்கள்.

சிலப்பதிகாரமும் உரையும் இதைச் சுருக்கமாக, புதிர் மாதிரி சொல்லிவிட்டுப் போகின்றன. பின்னத்திலும் விகிதத்திலும் போட்டுப் பார்த்து, எந்த நரம்புக்கு என்ன அளவு என்று எண்ணில் கொண்டுவந்தார் விபுலானந்தர். 103 பண்கள் வரைக்கும் போனார். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, சுருதி 22 அல்ல, 24 என்று வாதாடியிருந்தார். அந்தப் பெரிய வேலைக்குப் பிறகு, அதிலிருந்து விலகி வேறு கணக்கை வைப்பது சும்மா இல்லை.

தீர்ந்துகொண்டிருந்த நேரம்

1939-இல் மிஷன் அவரை இமயமலையில் உள்ள மாயாவதிக்கு அனுப்பியது. அங்கே பிரபுத்த பாரத இதழின் ஆசிரியர் பொறுப்பு. 1941-இல் அதை விட்டுவிட்டுப் புதுக்கோட்டை வந்தார். கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார் தங்க இடம் கொடுத்து, நூல் அச்சாகப் பணமும் கொடுத்தார். பக்கத்திலேயே குடுமியான்மலை. ஸ்வரங்களை வரிவரியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கும் 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. யாழ் ஆராய்ச்சி செய்கிறவருக்கு இதைவிட நல்ல விலாசம் கிடைக்காது.

ஆனால் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தமிழுக்கு முதல் பேராசிரியராக அழைத்தது. போனார். பேராசிரியர் வேலை, பள்ளிகள், கூட்டங்கள், நடுவில் நூலை முடிக்கும் அவசரம். உடம்பு ஒத்துழைக்கவில்லை. அடியார்க்கு நல்லார் பெயர் சொல்லும் பழைய இசை நூல்களில் பல அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவற்றில் ஒன்றான பஞ்சமரபு அச்சுக்கு வந்ததே 1970-களில். இருந்ததை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ் நூலை வெளியிட்டது. ஏழு இயல்கள்: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். இரண்டாவது ஹார்டுவேர், மூன்றாவது ஸ்ட்ரிங்ஸ் என்று சொன்னால் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான் விஷயம். ஜூன் முதல் வாரத்தில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேற்றம். அவருடைய கணக்குப்படி செய்த கருவிகளை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள், வாசித்தும் காட்டினார்கள். காகிதத்தில் இருந்த எண்களுக்குச் சத்தம் வந்தது.

ஜூலை 19-ஆம் தேதி கொழும்பில் அவர் காலமானார். நூல் வெளிவந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வயது 55. மட்டக்களப்பில், தான் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் சொன்னது எல்லாமே சரியா?

இல்லை, அப்படி யாரும் சொல்வதில்லை. பிறகு வந்த இசை ஆராய்ச்சியாளர்கள் சில பாலைகளை எந்த ராகத்தோடு பொருத்துவது என்பதில் அவரோடு உடன்படவில்லை. நரம்புகளின் எண்ணிக்கையிலும் வாதம் முடியவில்லை. கணக்கால் பிடிக்க முடிகிற விஷயம் ஸ்வரம்தான். தோல் எவ்வளவு தடிமன், பத்தர் எவ்வளவு ஆழம், நரம்பை எதில் முறுக்கினார்கள் என்பதெல்லாம் டோனின் பாதி. மலைபடுகடாம் பாகத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. தோல் போர்த்திய கருவி என்பதால் கிட்டாரைவிட பாஞ்சோவுக்குப் பக்கமான, சீக்கிரம் அடங்கிவிடும் ஓசையாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சில வருடங்களுக்கு முன் சென்னையில், அடிப்படையில் கிட்டார் செய்யும் இளைஞர் ஒருவர் யாழை மறுபடி செய்து, அதில் பாட்டும் வெளியிட்டார். கருவி செய்கிறவர்கள் இப்போது யாழ் பக்கம் வரும்போது முதலில் எழுகிற கேள்வி அதேதான்: எந்தக் கம்பி போடுவது?