அனுமன் கட்டத்து அத்தை வீடு

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்வைக் கூறப் புகுவோர், சுதேசமித்திரன், இந்தியா, புதுவை என்று விரைந்து சென்றுவிடுவது வழக்கம். இடையே அவர் காசியில் கழித்த நான்காண்டுகள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அவை உறவினர் வீடொன்றில் அவர் அண்டியிருந்த ஆண்டுகள் என்பதும், அவ்வீட்டில் குப்பம்மாள் என்றோர் அத்தை இருந்தார் என்பதும் அவ்வரிகளுக்குள் இடம்பெறுவதில்லை.

ஐந்து வயதில் தாயை இழந்தவர் பாரதியார். தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலை நொடித்தது, பொருள் போயிற்று, 1898ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார். முந்தைய ஆண்டில்தான் பாரதியாருக்கும் கடையத்துச் செல்லம்மாளுக்கும் திருமணம் நடந்திருந்தது. மணமகனுக்கு வயது பதினான்கு; மணமகளுக்கு ஏழு. பட்டம் பெற்ற கவிஞர், ஆயினும் பற்றுக்கோடு அற்ற பிள்ளை என்னும் நிலையில் நின்றவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டவர் தந்தையின் உடன்பிறந்தவரான குப்பம்மாள். அவர்தம் கணவர் கிருஷ்ணசிவன், காசி அனுமன் கட்டத்தில் சிவமடம் ஒன்றை நடத்திவந்தவர். மரபு சிறிதும் வழுவாதவர்.

காசி தமிழருக்கு முற்றிலும் அயலூர் அன்று. அனுமன் கட்டத்தைச் சுற்றித் தென்னாட்டுக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அங்கிருந்து அரிச்சந்திரன் கட்டத்துச் சுடலையைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் கேதார கட்டம். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் அங்குள்ளது. குமரகுருபரர் கலைமகளை வேண்டி இந்துஸ்தானியைப் பெற்றார் என்பது மரபுவழிச் செய்தி. பாரதியாருக்கு அத்தகைய குறுக்குவழி வாய்க்கவில்லை. மிஷன் கல்லூரியிலும் ஜெயநாராயணன் கல்லூரியிலும் அமர்ந்து இந்தியையும் வடமொழியையும் பயின்றார். அலகாபாத் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

மொழி வந்தவாறே தோற்றமும் மாறிற்று. குடுமி போயிற்று, மீசை வந்தது, வடநாட்டார் போலத் தலைப்பாகை ஏறிற்று. இன்று தமிழர் இல்லந்தோறும் காணும் பாரதியின் முகம் காசியில் உருவானதே. ஆயின் அம்முகத்தை முதலில் கண்ட வீட்டில் வரவேற்பு இல்லை. மடத்துத் தலைவர் வீட்டுப் பிள்ளை குடுமியை நீக்குவது அன்று சிறு செய்தி அன்று. தம்முடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக் கிருஷ்ணசிவன் இசையவில்லை. உண்ணும் சோறு ஒருவருடையது, உடுக்கும் கோலம் தன்னுடையது என்னும் இக்கட்டு, அண்டியிருந்தவர்க்கே விளங்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் வேலை தேடி வந்து, மாமன் வீட்டுத் திண்ணையிலும் சித்தப்பா வீட்டுக் கூடத்திலும் முதலாண்டுகளைக் கழித்தோர்க்கு அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குப்பம்மாள் கணவரை எதிர்த்துப் பேசவுமில்லை, மருமகனைக் கைவிடவுமில்லை. தனியே அவருக்குச் சோறிட்டு வந்தார். இரு பிடிவாதங்களுக்கு இடையே அடுக்களையில் நின்ற அப்பெண்மணியின் பொறுமையைப் பாரதி ஆய்வாளர் இன்னும் எடைபோட்டுப் பார்க்கவில்லை.

மார்கழித் திருவாதிரை வந்தது. மடத்துப் பூசையில் திருவெம்பாவை பாட வேண்டிய ஓதுவார் அன்று வரவில்லை. தீபாராதனை காத்திருந்தது. கிருஷ்ணசிவன் செய்வதறியாது நிற்க, மருமகனைப் பாடச் செய்யலாம் என்று சொன்னவர் குப்பம்மாளே. குடுமியற்றவரை இறைவன் திருமுன் நிறுத்துவதா என்னும் தயக்கம் ஒருபுறம். பாட்டின்றிப் பூசை முடிவதா என்னும் கவலை ஒருபுறம். இறுதியில் பாரதியார் பாடினார். மணிவாசகரின் தமிழ் அக்குரலில் எழுந்தபோது கிருஷ்ணசிவன் நெகிழ்ந்து போனார் என்றும், அன்று முதல் பந்தியில் வேற்றுமை நீங்கியது என்றும் வரலாறு கூறுகிறது. பாரதியார் மீண்டும் குடுமி வைத்துக்கொண்டதாக அது கூறவில்லை. விட்டுக்கொடுத்தவர் மூத்தவர், அதற்குரிய பெருமையை அவருக்கு அளிப்பதே நேர்மை.

இவ்வளவும் நிகழ, செல்லம்மாள் தென்கோடியில் காத்திருந்தார். கணவரைப் பற்றி எட்டிய செய்திகளால் கலங்கி அவர் எழுதியதற்கு, 1901இல் காசியிலிருந்து பாரதியார் மறுமொழி விடுத்தார். அஞ்சும்படியாக ஒன்றுமில்லை என்று தேற்றியவர், கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்கு படிக்குமாறு கேட்டுக்கொண்டார். பதினொரு வயதுச் சிறுமிக்கு அது ஆறுதலாயிற்றோ, மற்றொரு சுமையாயிற்றோ!

எட்டயபுர மன்னரின் அழைப்பை ஏற்று 1902இல் பாரதியார் ஊர் திரும்பினார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். அவ்வாண்டு நவம்பரில் சுதேசமித்திரன். 1905 டிசம்பரில் கோகலே தலைமையில் நடந்த காங்கிரசுக்காக மீண்டும் காசிக்குச் சென்றார். இம்முறை அவர் அண்டிவந்த பிள்ளை அல்லர், பத்திரிகையாளர். திரும்பும் வழியில் கல்கத்தாவில் நிவேதிதையைக் கண்டார்.

பாரதியார் 1921இல் மறைந்தார். அனுமன் கட்டத்து இல்லத்தில் 2022 டிசம்பரில் தமிழக அரசு அவருக்கு மார்பளவுச் சிலை அமைத்தது. காசி நாட்களைத் தமிழுலகம் அறிந்ததில் பெரும்பங்கு செல்லம்மாளுடையது. தாம் உடன் வாழாத அவ்வீட்டின் கதையை, 1941இல் வெளிவந்த பாரதியார் சரித்திரத்தில் அவர் சொன்னார்; மகள் தங்கம்மாள் எழுதினார்.