சகோதரி சுப்புலட்சுமி



போன பொதுக்குழுக் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏத்த எங்க குழுத் தலைவி அக்காவைக் கூப்பிட்டாங்க. வீட்டுக்காரர் தவறிப் போனவ, நான் ஏத்தக் கூடாதுன்னு அக்கா பின்னால் நகர்ந்துட்டாங்க. பக்கத்தில் இருந்த நானும் வாய் திறக்கல. அந்த உறுத்தலோடுதான் இந்த மலருக்குச் சகோதரி சுப்புலட்சுமி அம்மாவின் வாழ்க்கையை எழுதறேன்.

அவங்க 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தாங்க. பூர்வீகம் நம்ம பக்கம்தான், நீடாமங்கலத்துக்கு அருகே ரிஷியூர். 11 வயசில் கல்யாணம் செஞ்சு வைச்சாங்க. கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துட்டார். அந்தக் கால வழக்கப்படி தலையை மழிச்சு, நார்மடிப் புடவை கட்டி, மூலையில் உட்கார வைக்கணும். பெத்தவங்க அதைச் செய்யல. ஊர் பேசினது பேசட்டும்னு படிக்க வைச்சாங்க.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கினது 1857-ல். ஆனால் சென்னை நகரத்தில் பெண்களுக்குன்னு ஒரு கல்லூரி வர 57 வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே சுப்புலட்சுமி அம்மா மாநிலக் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து படிச்சு, 1911-ல் பட்டம் வாங்கினாங்க.

பட்டம் வாங்கியதோடு அவங்க நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன்னை மாதிரியே சின்ன வயசில் விதவையான நாலு பெண்களைச் சேர்த்து, எழும்பூரில் ஒரு வீட்டில் வைச்சுப் படிப்பு சொல்லிக் கொடுத்தாங்க. கூட நின்னது அவங்க சித்தி வாலாம்பாள். அவங்களும் விதவைதான். பெண்கள் கூடக் கூட, அந்த இல்லம் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு மாறுச்சு.

1914-ல் அதே கடற்கரைச் சாலையில் பெண்கள் கல்லூரி வந்தது. 1917-ல் அதுக்கு ராணி மேரி கல்லூரின்னு பெயர் வைச்சாங்க. இல்லத்துப் பெண்கள் அங்கே போய்ப் படிச்சாங்க. அப்போ பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசிரியைகள் ரொம்பக் குறைவு. அதனால 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கினப்போ, அம்மாவே தலைமை ஏத்தாங்க. மூலையில் உட்கார வேண்டிய பெண்கள் டீச்சராகிச் சொந்தச் சம்பளம் வாங்கினாங்க.

ஒண்ணை மறைக்கக் கூடாது. அந்த முதல் இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான். எல்லாப் பெண்களுக்கும் கதவு திறக்க இன்னும் பலர் உழைக்க வேண்டியிருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினதும் அப்படித்தான்.

சுப்புலட்சுமி அம்மா வயசான பிறகும் ஓயல. 1954-ல் தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்துப் பெண்களுக்காக ஒரு நிலையம் தொடங்கினாங்க. 1958-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. 1969-ல் காலமானாங்க. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1966-ல், நம்ம தஞ்சாவூரிலேயே குந்தவை நாச்சியார் பெண்கள் கல்லூரி வந்துடுச்சு. இன்னைக்கு நம்ம குழுக்காரங்க பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் அங்கே படிக்குதுங்க.

நாலு பெண்களை வைச்சுத் தொடங்கினது எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க. நம்ம குழு 12 பேர். இந்த வருஷக் கூட்டத்தில் முதல் திரியை எங்க அக்காதான் ஏத்தணும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.