காசிக் கோயிலை மீட்டெடுத்த அகல்யாபாய்

காசி யாத்திரை செல்லும் அன்பர்கள், விசுவநாதர் சந்நிதியில் நினைக்க வேண்டிய புண்ணியவதி ராணி அகல்யாபாய் ஹோல்கர்.

மகாராஷ்டிரத்தின் சௌண்டி கிராமத்தில் 1725-ல் பிறந்தார். 1754-ல் கும்பேர் கோட்டை முற்றுகையில் கணவர் கண்டேராவ் மாண்டார். உடன்கட்டை ஏறத் துணிந்தவரை மாமனார் மல்ஹர்ராவ் தடுத்து, ராஜ்ய நிர்வாகம் பழக்கினார். 1766-ல் அவரும், மறு ஆண்டே ஒரே மகனும் காலமாயினர். அகல்யாபாய் துக்கத்தில் முடங்கவில்லை. நர்மதைக் கரை மகேஸ்வரத்திலிருந்து மாளவத்தை ஆண்டார்.

1669-ல் ஔரங்கசீப் ஆணையால் இடிக்கப்பட்ட காசி விசுவநாதர் ஆலயத்தைப் பழைய இடத்துக்கு அருகிலேயே 1780-ல் புதிதாக எழுப்பினார். சோமநாதத்தில் 1783-ல் இடிபாடுகளுக்கு அருகே வேறு கோயில் கட்டி, லிங்கத்தைப் பாதுகாப்பாக நிலவறையில் பிரதிஷ்டை செய்வித்தார்.

1795-ல் சிவபதம் அடைந்தார். அன்று மாமனார் தடுத்ததன் பலனை, இன்று காசியில் நாம் அனுபவிக்கிறோம்.