வால்சந்த் ஹிராசந்த்

வால்சந்த் ஹிராசந்த் (நவம்பர் 23, 1882 – ஏப்ரல் 8, 1953) இந்தியத் தொழில் முனைவோர்களுள் ஒருவர். கப்பல் போக்குவரத்து, கப்பல் கட்டுதல், வானூர்தி, தானுந்து ஆகிய துறைகளில் இந்தியருக்குச் சொந்தமான நவீன நிறுவனங்களைத் தொடங்கியவர். இத்துறைகள் யாவும் அக்காலத்தில் பிரித்தானிய அல்லது அமெரிக்க நிறுவனங்களின் பிடியில் இருந்தவை. இவர் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அரை நூற்றாண்டுக் காலம் இந்தியச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகளைத் தயாரித்தது. 1990களில் அந்நிறுவனம் வீழ்ச்சியுற்று, அதன் மும்பைத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

பிறப்பும் இளமையும்

வால்சந்த் இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் சோலாப்பூரில் குசராத்தி பேசும் திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத் தொழில் பருத்தி வணிகமும் வட்டிக்குக் கொடுப்பதும் ஆகும். மும்பையிலும் புனேயிலும் கல்லூரியில் பயின்றார், பட்டம் பெறவில்லை. குடும்பத் தொழிலில் அவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. தொடர்வண்டித் துறையில் எழுத்தராக இருந்த இலட்சுமணராவ் பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து இருப்புப்பாதை ஒப்பந்தக்காரரானார். பார்சி இருப்புப்பாதையில் தொடங்கிய இப்பணி, மும்பை – புனே வழியில் போர் கணவாய்ச் சுரங்கங்கள் குடைவது வரை வளர்ந்தது. 1926 இல் தோன்றிய இந்துஸ்தான் கட்டுமான நிறுவனம் இதன் தொடர்ச்சியே. பிற்காலத்தில் இவர் தொடங்கிய பெருந்தொழில்களுக்கு இக்கட்டுமானப் பணியின் வருவாய் அடிப்படையாக அமைந்தது.

கப்பல் தொழில்

முதல் உலகப் போர் முடிந்த நிலையில், குவாலியர் மன்னருக்குச் சொந்தமான கப்பல் ஒன்று விற்பனைக்கு வந்தது. வால்சந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோருடன் சேர்ந்து அதை வாங்கினார். இவ்வாறு 1919 இல் சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனத்தின் லாயல்டி என்னும் கப்பல் 1919 ஏப்ரல் 5 அன்று மும்பையிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. இந்நாளே இந்தியாவில் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ் வாசகருக்கு இக்கதையின் அடுத்த பகுதி புதிதன்று. 1906 இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை, பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தே நெருக்கியது. அதே நிறுவனம், அதே உத்தியை, சிந்தியாவின் மீதும் கையாண்டது. சிதம்பரனாரின் நிறுவனம் அழிந்தது; சிந்தியா தப்பியது. ஆனால் 1923 இல் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி கரையோர வணிகத்தோடு தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1929 முதல் 1950 வரை வால்சந்த் இதன் தலைவராக இருந்தார். அயல்நாட்டு நிறுவனத்தோடு திறந்த சந்தையில் மோதி இந்தியத் தொழில் நிற்க முடியாது, அரசின் காப்பு இருந்தாக வேண்டும் என்ற கருத்தில் அவர் உறுதியாக இருந்தார். தானுந்துத் துறையிலும் அவரை வழிநடத்தியது இக்கருத்தே.

தானுந்துத் தொழிற்சாலைக்கான முயற்சி

1930களில் இந்தியாவில் ஓடிய மகிழுந்துகளும் சரக்குந்துகளும் வெளிநாட்டில் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் மும்பையில் ஒரு பொருத்துசாலை நடத்தியது. ஃபோர்டு நிறுவனத்துக்கு மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொருத்துசாலைகள் இருந்தன. பெட்டிகளில் வந்த உதிரிப் பாகங்களைப் பூட்டி முழு வண்டியாக்குவதே இங்கு நடந்த வேலை. எந்திரமோ பற்சக்கரமோ இங்கு வார்க்கப்படவில்லை.

மைசூரின் முன்னாள் திவான் மோ. விசுவேசுவரய்யா 1935 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயணம் செய்து, இந்தியாவில் தானுந்து செய்வதற்கான திட்டம் ஒன்றை வகுத்தார். அதைக் கையில் எடுத்தவர் வால்சந்த். மும்பை மாகாணத்தில் ஆட்சியில் இருந்த காங்கிரசு அமைச்சரவை, முதலீட்டாளர்களுக்குக் குறைந்தபட்ச வட்டிக்கு உறுதியளிக்க இசைந்தது. 1939 இன் இறுதியில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகியதால் அந்த ஆதரவு கைவிட்டுப் போயிற்று.

அதே ஆண்டில் வால்சந்த் அமெரிக்கா சென்றார். ஃபோர்டு நிறுவனத்துடன் நடந்த பேச்சு பலிக்கவில்லை. இந்தியச் சந்தை அந்நிறுவனத்தின் கனடா கிளைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது அதற்கு ஒரு காரணமாகும். ஜெனரல் மோட்டார்சும் ஒப்பவில்லை. இவ்விரு நிறுவனங்களும் இந்தியாவில் வண்டி விற்றுக்கொண்டிருந்தவை என்பதை நோக்க, அவை தயங்கியதில் வியப்பில்லை. டெட்ராய்ட்டின் மூன்று பெரும் நிறுவனங்களுள் இளையதான கிரைஸ்லர் மட்டும் 1940 இல் உடன்பாட்டுக்கு வந்தது.

அடுத்த தடை தில்லியில் இருந்தது. போர்க்காலத்தில் பொறிகளை இறக்குமதி செய்ய அரசின் இசைவும் அயல்நாட்டுச் செலாவணியும் தேவை. தானுந்துத் தொழிற்சாலை போருக்கு இன்றியமையாதது அன்று எனக் கூறிப் பிரித்தானிய இந்திய அரசு இரண்டையும் மறுத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்த படைகளுக்காக அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான வண்டிகள் கப்பலில் வந்து இறங்கின.

வானூர்தியும் கப்பற்கூடமும்

1939 ஆம் ஆண்டுப் பயணத்தின்போது வானூர்தியில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரை வால்சந்த் சந்தித்தார். பாலி சீனாவில் வானூர்தித் தொழிற்சாலை நடத்தி வந்தவர். இச்சந்திப்பின் விளைவாக, மைசூர் அரசின் பங்கேற்புடன் 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் பதிவாயிற்று. சப்பானியப் படை பர்மாவை நெருங்கிய 1942 இல் அரசு அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. இன்றைய எச்.ஏ.எல். நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.

விசாகப்பட்டினத்தில் 1941 ஜூன் 21 அன்று இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டிய கப்பல் கட்டும் தளத்திலிருந்து, ஜல உஷா என்னும் கப்பல் 1948 மார்ச்சில் நேருவால் நீரில் இறக்கப்பட்டது. இத்தளமும் பின்னர் அரசுடைமையாயிற்று. கரும்புப் பண்ணை, சர்க்கரை ஆலை ஆகியவற்றிலும் வால்சந்த் ஈடுபட்டார்.

பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ்

1944 இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. மும்பையின் குர்லா பகுதியில் தொழிற்சாலை எழுந்தது. 1947 இல் கிரைஸ்லர் குழுமத்தின் டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் வகை வண்டிகள் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942 இலேயே தொடங்கியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துடன் பிரீமியர் கைகோத்தது; இந்தியச் சாலைக்கும் வருவாய்க்கும் பெரிய அமெரிக்க வண்டியைவிடச் சிறிய ஃபியட் பொருந்தியது.

வால்சந்த் வேண்டிய காப்பு 1953 இல் கிடைத்தது. இந்தியாவிலேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்கள் மட்டுமே தொடரலாம் என்று சுங்கவரி ஆணையம் பரிந்துரைக்க, அரசு அதை ஏற்றது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் தங்கள் பொருத்துசாலைகளை மூடி வெளியேறின. பிரீமியர், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு, அசோக் மோட்டார்ஸ் முதலியவை எஞ்சின. ஆனால் இம்மாற்றத்தின் பயனை வால்சந்த் காணவில்லை. 1949 இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட அவர் மறு ஆண்டு பொறுப்புகளிலிருந்து விலகினார். மனைவி கஸ்தூரிபாயின் பராமரிப்பில் இருந்து, 1953 ஏப்ரல் 8 அன்று குசராத்தின் சித்தபூரில் காலமானார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை. தொழில்களைத் தம்பியர் நடத்தினர்.

நிறுவனத்தின் வீழ்ச்சி

வண்டி வாங்க விரும்புவோர் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமம் முடிவு செய்தது. 1969 இல் விலையையும் அரசே நிர்ணயிக்கத் தொடங்கியது. பிரீமியர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கூடுதலாகச் செய்ய இசைவில்லை, விலையை உயர்த்தவும் இசைவில்லை, செய்ததெல்லாம் விற்றுவிடும் என்ற நிலையில், புதிய வடிவமைப்புக்குப் பணம் செலவிட நிறுவனத்துக்குத் தூண்டுதல் ஏதுமில்லை. 1964 இல் வந்த ஃபியட் 1100 டிலைட் என்ற வகையே சிறு மாற்றங்களுடன் 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிற்று. சுக்கான் தண்டிலேயே பற்சக்கர மாற்றுக்கோல் அமைந்த அவ்வண்டியை, அதன் தாயகமான இத்தாலி 1960களின் இறுதியிலேயே கைவிட்டுவிட்டது. மும்பையின் கறுப்பு மஞ்சள் வாடகை வண்டி என்றால் பத்மினி என்றே ஆயிற்று. குர்லாவில் செய்யப்பட்ட டாட்ஜ், ஃபார்கோ சரக்குந்துகளும் பழைய ஓட்டுநர்களுக்கு நன்கு அறிமுகமானவை.

1983 டிசம்பரில் சப்பானின் சுசுகியுடன் கூட்டாக அரசே தொடங்கிய மாருதி நிறுவனத்தின் வண்டி சந்தைக்கு வந்தது. எடை குறைவு, எரிபொருள் செலவு குறைவு, அடிக்கடி பழுதாகாத எந்திரம் ஆகியவற்றால் அது சில ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. 1985 இல் பிரீமியர் வெளியிட்ட 118 என்.ஈ. வண்டியும் பழைய ஃபியட் உடலையே கொண்டிருந்தது. 1991 இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் பிரான்சின் பியூஜோவுடன் கல்யாண் அருகே ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. தொழிலாளர் போராட்டமும் விற்பனைக் குறைவும் சேர்ந்ததில் 1990களின் இறுதிக்குள் அது முடிந்துபோயிற்று. குர்லா தொழிற்சாலை ஃபியட்டுடனான கூட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பத்மினியின் உற்பத்தியும் நின்றது. ஃபியட் பின்னர் தன் உற்பத்தியைப் புனே அருகே உள்ள ராஞ்சன்காவுக்கு மாற்றிக்கொண்டது.

இதன் சுமை தொழிலாளர் மீதே விழுந்தது. கடைசல், வார்ப்பு, வண்ணப்பூச்சு எனப் பல பத்தாண்டுகள் ஒரே வேலையில் தேர்ந்தவர்கள் நடுவயதில் வெளியேறினர். புதிய வண்டித் தொழிற்சாலைகள் புனே, தில்லிப் புறநகர், சென்னைப் புறநகர் ஆகிய இடங்களில் எழுந்தன. அவை இளைஞர்களையே எடுத்தன. ஆலைகள் மூடப்பட்ட மும்பையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. குர்லாவிலும் தொழிற்கூடங்களின் இடத்தைக் குடியிருப்புகளும் வணிகக் கட்டடங்களும் பிடித்தன.

வால்சந்துக்குத் துணை நின்ற டெட்ராய்ட்டின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. சப்பானிய வண்டிகளின் போட்டியில் தளர்ந்த கிரைஸ்லர், 1979 இல் அரசின் கடன் உறுதியால் பிழைத்தது. 2009 இல் நொடிப்பு நிலை அறிவித்தது. ஒரு மாதம் கழித்து ஜெனரல் மோட்டார்சும் அவ்வாறே அறிவித்தது. 1950 இல் 18 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த டெட்ராய்ட் நகரில் 2010 இல் எஞ்சியோர் ஏறத்தாழ 7 இலட்சம். அங்குத் தொழிலைச் சாய்த்தது திறந்த சந்தை. குர்லாவைச் சாய்த்ததோ, நெடுங்காலம் மூடிக்கிடந்து பின் ஒரேயடியாகத் திறந்த சந்தை.

வால்சந்தின் சமகாலத்துப் போட்டியாளர்களும் நிலைக்கவில்லை. சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1980களின் இறுதியில் வண்டி செய்வதை நிறுத்தியது. 2014 மே மாதம் ஹிந்துஸ்தான் மோட்டார்சின் உத்தர்பாரா தொழிற்சாலை மூடப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். 1990களில் இந்தியாவுக்குத் திரும்பி மறைமலை நகரில் தொழிற்சாலை அமைத்த ஃபோர்டும் 2022 இல் அங்கு உற்பத்தியை நிறுத்தியது.

மதிப்பீடு

வால்சந்தைப் பற்றி எழுதுவோர் அவரது துணிவைப் போற்றுவர். கையில் பணம் சேருமுன்னரே அடுத்த தொழிலில் இறங்கும் இயல்பைக் குறையாகவும் சுட்டுவர். இரண்டும் உண்மையே. அவர் கேட்ட காப்பு இல்லாதிருந்தால் குர்லாவில் தொழிற்சாலையே எழுந்திராது என்பதையும், காலக்கெடு எதுவுமின்றி நீண்ட அதே காப்பு அதைப் பழைமையில் உறைய வைத்தது என்பதையும் சேர்த்தே காண வேண்டும். பின்னதற்கு, 1953 இலேயே மறைந்துவிட்ட அவரைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

நினைவுகள்

புனே மாவட்டத்தின் வால்சந்த்நகர் என்னும் ஊரும், சாங்கலியில் உள்ள பொறியியல் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்குகின்றன. இந்திய அஞ்சல் துறை 2004 இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. மும்பையில் பதிவாகியிருந்த கடைசி பிரீமியர் பத்மினி வாடகை வண்டி, இருபது ஆண்டு வயது வரம்பை எட்டியதால், 2023 அக்டோபர் இறுதியில் சாலையிலிருந்து விலக்கப்பட்டது.