டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் ஒரு படுக்கையும்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க் குழுவில் கேட்டபோது, ஜி.டி. நாயுடு எழுது, விஸ்வேஸ்வரய்யா எழுது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பாலிடெக்னிக் மலருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் நான் ஒரு டாக்டரம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு உக்கடம் பெரியகுளத்துக்குப் பக்கத்தில். நான் முதலாமாண்டு படித்தபோது எங்கள் அம்முச்சிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிப்போச்சுங்க, இனிமேல் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் கூட்டி வந்தோம். அதற்கப்புறம் நாலு மாசம் அம்முச்சி இருந்தார்கள். ராத்திரியில் வலி வந்தால் எங்கம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். எங்கள் கையில் இருந்தது மெடிக்கல் ஷாப்பில் வாங்கின சாதாரண வலி மாத்திரை மட்டும்தான். குணமாகாது என்று தெரிந்துவிட்டால் அந்த உயிருக்கு ஒரு படுக்கை கிடையாதா? என் மனசில் அப்போது விழுந்த இந்தக் கேள்வி, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இன்னொரு பெண்ணின் மனசில் விழுந்திருக்கிறது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. மகாராஜா கல்லூரியோ ஆண்கள் மட்டும் படித்த இடம். அங்கே ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் கழுத்தை நீட்டினார். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

இத்தனை துணிச்சல்காரரையும் உலுக்கிப்போட்டது ஒரு சாவு. தங்கை சுந்தரியை அம்மையார் தன் பிள்ளை போல வளர்த்தார். அந்தத் தங்கைக்கு வயிற்றுக்கோளாறு வந்தது. சீதபேதி என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் சுந்தரி இறந்துபோனார். அக்கா டாக்டர், அத்தான் டாக்டர், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடிந்தது. ஒரு டாக்டருக்கே இந்தக் கதி என்றால் பெரியகுளத்தங்கரைக் குடும்பம் என்ன செய்யும்?

1925-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படிக்கப் போனவர், லண்டனில் புற்றுநோய்க்கென்றே இருந்த மருத்துவமனையையும் பார்த்தார். இப்படி ஒன்று நம்ம ஊரில் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதியாகியது.

ஆனால் அந்த எண்ணம் கட்டடமாக ஏறத்தாழ முப்பது வருஷம் ஆயிற்று. சும்மா இருந்து அல்ல, வேறு வேலைகள் வந்து கையைப் பிடித்து இழுத்தன. 1926-ல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்து அதன் துணைத்தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தியடிகள் 1930-ல் கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்தார். போக்கிடம் இல்லாமல் தன் வீட்டு வாசலுக்கு வந்த பெண்களை ஏற்றுக்கொண்டு அவ்வை இல்லத்தை உருவாக்கினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் கடைசியில் 1947-ல்தான் நிறைவேறியது. இவற்றைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள், நான் விரிக்கவில்லை.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற தன் எண்ணத்தை வெளிப்படையாக எடுத்துவைத்தார். காரியம் நடக்கவில்லை. அதற்குப் பின்னும் ஆட்சியில் இருந்தவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற தோரணையில்தான் பதில் வந்ததாம். நண்பர்களே, எங்கள் அம்முச்சியை ஆட்டோவில் ஏற்றிவிட்ட அதே பதில்தான் இது!

அம்மையார் விடவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63. நம்ம வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்து உட்காரும் வயசில் அவர் நன்கொடை கேட்டு இறங்கினார். 1952 அக்டோபரில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. மொத்தம் எத்தனை படுக்கைகள் தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி முன்னின்று நடத்தினார். 1955-ல் டாக்டர் சாந்தா என்ற இளம்பெண், கையில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். 2021-ல் கண்மூடும் வரை அவர் அந்த நிலையத்தை விட்டுப் போகவே இல்லை. கனடா நாட்டு உதவியால் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரமும் 1950-களிலேயே வந்து சேர்ந்தது. சாகத்தானே போகிறார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அங்கே பிழைத்து எழுந்து வீட்டுக்கு நடந்துபோனார்கள்.

சரி, பிழைக்க முடியாதவர்கள்? சுந்தரியைப் போல, எங்கள் அம்முச்சியைப் போலக் காலம் கடந்தவர்கள்? இந்தப் பாதிக் கேள்விக்கு உலகத்தின் வேறு மூலைகளில் வேறு சிலர் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிலின் பெயர் ஹாஸ்பிஸ். அந்தச் சொல் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் யாத்திரீகர்கள் களைப்பாறும் சத்திரத்தைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலும் அயர்லாந்திலும் கன்னியாஸ்திரீகளும் தொண்டுப் பெண்களும் மரணப் படுக்கையில் இருப்பவர்களுக்காக இல்லங்கள் நடத்தினார்கள். நம் நாட்டில் அன்னை தெரசா, கல்கத்தாவில் காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்திரீகர் சத்திரத்தில், தெருவில் கிடந்து சாகிறவர்களுக்காக நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் தொடங்கினார். ஆண்டு 1952. அதே ஆண்டில்தான் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டது!

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி நர்ஸாக இருந்து, பிறகு சமூகப் பணியாளராக இருந்து, அதற்கப்புறம் படித்து டாக்டரானவர். வலி வந்து கத்தின பிறகு மருந்து கொடுக்காதே. மணி பார்த்து, வலி தலைதூக்கும் முன்னாலேயே கொடு என்பது அவர் வகுத்த முறை. வாய்வழியே மார்ஃபின் மருந்து, சுத்தமான படுக்கை, மனசுக்கு ஆறுதல், குடும்பத்துக்கும் துணை, இத்தனையும் ஒரே கூரையின் கீழ். 1967-ல் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்தான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டி. அதற்கு அடுத்த வருஷம், 1968 ஜூலை 22-ல், தன் 82-வது பிறந்தநாளுக்கு எட்டே நாள் இருக்கும்போது நம் அம்மையார் மறைந்தார்.

அதன்பின் 1986-ல் பம்பாயில் சாந்தி அவேத்னா சதன் வந்தது. நம் உக்கடத்தைத் தாண்டிப் பாலக்காடு போகிறோமே, அந்த வழியிலேயே இன்னும் போனால் கோழிக்கோடு. அங்கே 1993-ல் டாக்டர்கள் சிலர் சின்னதாக ஒரு வலி நிவாரண கிளினிக் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளியின் வீடு தேடிப் போகும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. இதற்கு நடுவே 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அம்முச்சி போன பிறகுதான். குணப்படுத்த முடியாது என்பது வேறு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது வேறு. இந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அம்முச்சி பிழைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நாலு மாச ராத்திரிகளில் சிலதிலாவது தூங்கியிருப்பார்கள். எங்கம்மாவும் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

அம்மையார் பிறந்த ஜூலை 30-ஐ நம் அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடச் சொல்லி 2019-ல் அரசு அறிவித்தது. மாலை போடட்டும், நல்லதுதான். நாம் டாக்டர்கள் இல்லை. லேத்தும் டிராயிங் போர்டும் நம் தொழில். ஆனாலும் நம் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், வலிக்கு மருந்து உண்டுங்க, கேட்டு வாங்குங்க என்று போய்ச் சொல்ல டிப்ளமோகூடத் தேவையில்லை. தங்கையின் சாவை அழுது மறந்துவிடாமல் பன்னிரண்டு படுக்கைகளாக மாற்றிய அந்த அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

வாழ்க அம்மையார் புகழ்!